கெமரா பூட்ட முன்னர் ஒரு கொப்பி வாங்குவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் உம்மா, வாப்பாமார் தயவு செய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து 16 கெமராக்கள், புதிய ரவுட்டர், கட்டிடத்துக்கு ஒன்றாக வைஃபை பெட்டிகள் எல்லாவற்றுக்கும் காசு தருகிறார்கள். எல்லாம் க்ளவுடில் இணைக்கப்படும். அதிபர் வீட்டிலிருந்தே ஃபோனில் ஸ்கூலைப் பார்க்கலாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழும்பி, "இரண்டு வாரம் தாருங்கள், ஆயத்தம் செய்துவிட்டுப் பூட்டுவோம்" என்றேன். பின்வரிசையில் ஒருவர், "சேர் எதுக்கும் ஒரு முட்டுக்கட்டை வைச்சிருப்பார்" என்றார். சபை சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குக் கோபமில்லை. ஆனால் ஏன் கேட்டேன் என்பதை அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில் எட்டுக் கெமரா பூட்டினோம். பெயர் வேண்டாம். பூட்டித் தந்தவர் எங்கள் பழைய மாணவர். தங்கமான பிள்ளை, கூலி ஒரு சதம் வாங்கவில்லை. அவசரத்தில் தன்னுடைய சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தார், தன்னுடைய ஃபோன் நம்பரைக் கொடுத்தார். அடுத்த வருடம் கட்டாருக்குப் போனார். இங்கிருந்த சிம் செத்துப் போனது.

ஒரு நாள் ஒரு பெண் பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். பின் கேட்டடியில் யாரோ ஒருவர் தினமும் நிற்பதாகச் சொன்னாள். கெமராவைப் பார்க்கப் போனோம். உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஊசியால் குத்தி ரீசெட் செய்தோம். "இந்தச் சாதனம் வேறொரு கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஃபோன் சொன்னது. கம்பனி பில் கேட்டது. பில் இல்லை.

பல மாதம் கழித்து அந்தத் தம்பி லீவில் வந்தார். அவருடைய பழைய லெப்டொப்பில் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. அப்போதுதான் எனக்கு நெஞ்சு பதறியது. அந்தக் கெமராக்களைப் பார்க்கும் அனுமதி இன்னும் மூன்று ஃபோன்களுக்குப் பகிரப்பட்டிருந்தது. ஒன்று முன்னாள் சங்க உறுப்பினருடையது. இன்னொன்று சாமான் விற்ற கடைக்காரருடையது. மூன்றாவது யாருடையது என்று அவருக்கே ஞாபகமில்லை. ஒரு கெமரா பெண் பிள்ளைகளின் வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் தப்பாகப் பார்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்தார்களா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை. பிள்ளைகளைப் பாதுகாக்கப் பூட்டிய கண், யாருடைய கையில் இருக்கிறது என்று தெரியாமல் வருடக் கணக்காகத் திறந்திருந்தது.

க்ளவுட் என்றால் என்னவென்று எளிமையாகச் சொல்கிறேன். கெமராவோ ரவுட்டரோ மின்சாரமும் இன்டர்நெட்டும் கிடைத்தவுடன், வேறு நாட்டில் இருக்கக் கூடிய கம்பனியின் சேர்வரைத் தானாகவே தேடிப் போகும். "என் சீரியல் இலக்கம் இது, நான் யாருடையவன்?" என்று கேட்கும். பெட்டியிலுள்ள கியூஆர் குறியீட்டை முதலில் எவர் தன் கணக்கில் பதிகிறாரோ, அவரையே சேர்வர் உரிமையாளராக எழுதிக்கொள்ளும். பல கம்பனிகளின் சாதனங்களில் அவர் விடுவிக்கும் வரை இன்னொருவர் பதிய முடியாது. காசு கொடுத்தது யார், எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதெல்லாம் சேர்வருக்குத் தெரியாது.

இது நம் கடற்கரை ஆட்களுக்குப் புதிதல்ல. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் நமது மீன் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, 2016இல் நீக்கியது. நீக்குவதற்காகச் செய்யப்பட்ட வேலைகளில் ஒன்று, ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டுவது. கொட்பே துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கருவி படகின் பதிவு இலக்கத்தோடு சேர்ந்தது. தண்டையல் மாறலாம், வேலைக்காரர் மாறலாம், கருவி படகோடுதான் இருக்கும். நாங்கள் ஸ்கூலில் செய்தது, கருவியைத் தண்டையலின் பெயரில் எழுதியது. அவர் கரையேறியதும் படகு எங்கே நிற்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் போனது.

"இதெல்லாம் சின்ன ஸ்கூல்களில் நடப்பது, பெரிய இடத்தில் நடக்காது" என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச க்ளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. மென்பொருள் காலாவதியான பழைய பதிப்பு. அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதியும் இல்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடங்கும். க்ளவுட் என்ற பெயர் எதையும் காப்பாற்றாது, யாராவது பொறுப்பெடுத்துப் பார்த்தால்தான் காப்பாற்றும்.

பாஸ்வேர்ட் கதை இன்னும் பழையது. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பனி போட்டுத் தந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த கெமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்தது. அதனிடம் இருந்தது அறுபது சொச்சம் பெயர், பாஸ்வேர்ட் சோடிகள் மட்டும்தான். அந்த ஒக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் முடங்கின. யாரோ ஒருவரின் கடைக் கெமராவும் அந்தத் தாக்குதலில் ஒரு படைவீரன். கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, எல்லாப் பதிவையும் க்ளவுடிலேயே வைப்போம் என்றும் சிலர் சொன்னார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழு எச்டி கெமரா ஒன்று செக்கனுக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைப்போம். ஒரு நாளுக்கு 86,400 செக்கன். பெருக்கி எட்டால் வகுத்தால் 21.6 ஜிபி. 16 கெமராவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 345 ஜிபி. மாதம் பத்து டெராபைட்டுக்கு மேல். எந்த டேட்டா பெக்கேஜ் இதைத் தாங்கும்? மேலே ஏற்றும் வேகமே எந்த நேரமும் 32 மெகாபிட் வேண்டும். பிள்ளைகளின் கணினிப் பாடத்துக்கு என்ன மிஞ்சும்? அதே பதிவை ஸ்கூலுக்குள்ளேயே பூட்டிய அறையில் ஒரு பெட்டியில் வைத்தால், 14 நாளுக்கு 6 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். க்ளவுடைத் தேவைப்படும்போது பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2025 பெப்ரவரி 9 ஞாயிறு ஞாபகமிருக்கிறதா? பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு, நாடு முழுக்க இருட்டு. நவம்பரில் தித்வா புயல், பல இடங்களில் கரண்டும் இல்லை, ஃபோனும் இல்லை. நம் மாவட்டத்துக்கு 2004இன் அனுபவமும் இருக்கிறது. கெமராவும் பதிவுப் பெட்டியும் மிகவும் தேவைப்படுவது அப்படியான நாளில்தான். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவு நடக்க வேண்டும். சின்னதாக ஒரு யூபிஎஸ் வேண்டும்.

கம்பனியை முழுக்க நம்பவும் முடியாது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியன் என்ற கம்பனி முன்னறிவித்தல் இல்லாமல் சேர்வரை நிறுத்தியது. மக்கள் வீட்டில் பூட்டியிருந்த சாதனங்கள் ஒரே நாளில் அரைவாசி ஊமையாகின. வாடிக்கையாளர் சிலரே சேர்ந்து அதை வாங்கிய பிறகுதான் திரும்ப இயங்கியது. 2024 பெப்ரவரியில் வைஸ் கெமராக்கள் ஒரு தடங்கலுக்குப் பின் திரும்ப வந்தபோது, சுமார் 13,000 பேருக்கு மற்றவர் வீட்டுக் கெமராவின் படங்கள் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் நம் பிள்ளைகளின் எந்தப் படம் வெளியே போகும் என்பதை நாம் இப்போதே தீர்மானிக்கலாம். எந்த இடத்தில் கெமரா பூட்டக் கூடாது என்ற தீர்மானம்தான் அது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியும், அது அமானிதம்.

ஆகவே நான் கேட்டது இதுதான். ஒரு பெரிய சீஆர் கொப்பி வாங்குவோம். கொப்பிக்கான காசை நானே தருகிறேன். பூட்ட முன்னர் அதில் இவை எழுதப்பட வேண்டும்.

1. ஒவ்வொரு சாதனத்தின் மாதிரி, சீரியல் இலக்கம், மெக் முகவரி, பூட்டிய இடம், எந்த வயர் சுவிட்சின் எந்தத் துளைக்குப் போகிறது. பில்லின் பிரதி பின்னால் ஒட்டப்பட வேண்டும். பாடசாலைப் பொருட்பதிவேட்டிலும் ஏற வேண்டும். கதிரையையும் மேசையையும் எண்ணும் நாம் இதையும் எண்ண வேண்டாமா?

2. கணக்கு பாடசாலையின் பெயரில், பாடசாலையின் மின்னஞ்சலில், பாடசாலையின் சிம்மில். நிர்வாகிகள் இரண்டு பேர். மீட்புக் குறியீடுகள் உறையில் போட்டு ஒட்டி அதிபரின் இரும்பு அலுமாரியில்.

3. முதலில் மென்பொருளைப் புதுப்பித்து, கம்பனி பாஸ்வேர்டை மாற்றி, பிறகுதான் இன்டர்நெட்டில் விடுவது. சாதனத்தின் நேரமும் திகதியும் சரியாக இருக்க வேண்டும். நேரம் பிழைத்தால் சாதனம் சேர்வருடன் இணையாமல் போகலாம், பதிவு சாட்சிக்கும் உதவாது.

4. கெமராவுக்கு ஒரு நெட்வேர்க், அலுவலகக் கணினிக்கு ஒன்று, மாணவர் வைஃபைக்கு ஒன்று. மூன்றும் ஒரே வகுப்பில் இருக்கக் கூடாது. புள்ளிப் பட்டியல் இருக்கும் கணினியும் பிள்ளைகளின் ஃபோனும் பக்கத்து வாங்கில் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

5. யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும். ஒவ்வொரு தவணை முடிவிலும் பட்டியலைத் திறந்து, விலகியவர்களின் பெயரை எடுத்துவிடுதல்.

6. வராந்தா, தொழுகை அறை, கழிவறைப் பாதை, இந்த மூன்று பக்கமும் கெமரா திரும்பக் கூடாது. பூட்டிய பிறகு இரண்டு தாய்மார் வந்து திரையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

7. கம்பனி மூடினால், அல்லது நாம் மாறினால், சாதனத்தைக் கணக்கிலிருந்து விடுவிப்பது எப்படி என்று ஒரு பக்கம்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரே ஒரு கெமராவையும் ஒரே ஒரு வைஃபை பெட்டியையும் இணைத்து ஒரு வாரம் பார்ப்போம். ஒழுங்காக ஓடினால் மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்தக் கொப்பியைக் கொடுங்கள். பாடப் புத்தகத்தில் படிக்கும் நெட்வேர்க்கை ஒரு தடவை கையால் தொட்டுப் பழகட்டும். பாஸ்வேர்ட் மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்து ஒரு ஹாஜியார் என்னிடம் சொன்னார்: "சேர், செய்யப்போறது நம்ம பிள்ளைகள். நம்பிக்கை வேணாமா?" வேண்டும். நம்பிக்கை இருப்பதால்தான் எழுதச் சொல்கிறேன். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? சூரா பகராவின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும் சாட்சிகள் பற்றியும் பேசுகிறது. முஃமின்களைப் பார்த்துப் பேசுகிறது, கள்ளர்களைப் பார்த்து அல்ல. அந்தக் கட்டார் தம்பியிடம் அன்று நாங்கள் எழுதி வாங்கியிருந்தால், அவர் தலையில் இவ்வளவு சங்கடம் விழுந்திருக்காது. லீவில் வந்த பிள்ளை என் முன்னால் தலை குனிந்து நின்றது. பிழை எங்களுடையது.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, டவுண் பக்கம், எங்கே இருந்தாலும் உங்கள் பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் கடையிலும் ஏற்கனவே கெமரா இருக்கும். இன்று அஸருக்குப் பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இதன் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? பதில் உடனே வந்தால் அல்ஹம்துலில்லாஹ். "அவரிடம் கேட்கணும், அவர் இப்ப சவூதியில" என்று வந்தால், இன்றே அவருக்கு வட்ஸ்அப் போடுங்கள். சிம் சாகும் முன்னர்.

காசு தரும் சகோதரர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அடுத்த கூட்டத்தில் கொப்பியோடு வருகிறேன், இன்ஷா அல்லாஹ். பின்வரிசைக்காரரும் ஒரு பேனை கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.