விடுதி வேணும், வயலில் வேணாம்!



சிதம்பரத்துக்குப் பெருமை ரெண்டு. ஒன்று நடராசர் கோயில். இன்னொன்று 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கோயிலைச் சுற்றி நாலு தேர் வீதி, ரயிலடிக்குக் கிழக்கே அண்ணாமலைநகர், இவற்றைச் சுற்றி நம்ம சம்பா வயல். கீழணையிலிருந்து வாய்க்கால் வழியே வரும் தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடை நாம்.

ஊர் இன்றைக்கு உருமாறுது. கடைத்தெருவில் பழைய வீட்டை இடித்தால் அங்கே எழும்புவது லாட்ஜும் துணிக்கடையும்தான். திண்ணையும் முற்றமும் வைத்த வீடுகளில் ஒரு அறையை மாணவருக்கு வாடகைக்கு விட்ட காலம் மலையேறிப் போச்சு. படிக்க வரும் பிள்ளைங்க ஊர் ஓரத்துக்குத் தள்ளப்படுறாங்க. அதைப் பார்த்த மனை வியாபாரி வரப்பில் கொடி நடுகிறான். "கல்லூரிக்கு நடந்து போகும் தூரம், விடுதி கட்ட ஏற்ற மனை" என்று போர்டு வைக்கிறான். நேற்று வரை நாற்று நட்ட இடம்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மாணவர்கள் நமக்கு எதிரி இல்லை. நம்ம பிள்ளைங்களும் வெளியூரில் விடுதியில் தங்கித்தான் படிக்குது. இந்தப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் புலமே இருக்கு. அங்கே படிக்கும் பிள்ளைங்க நோட்டும் கையுமாக நம்ம வயலில் இறங்கி, "ஐயா, இது என்ன ரகம்? எத்தனை நாள் பயிர்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகுது. அவங்களுக்கு நல்ல அறை, நல்ல தண்ணீர், பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எல்லாம் வேணும். அதை எங்கே கட்டுவது என்பதுதான் நம்ம கேள்வி.

விவசாயி ஏன் விற்கிறான்? அதையும் மறைக்காமல் பேசுவோம். விற்றவர்களில் நம்ம சங்கத்து ஆட்களும் உண்டு. 2025 செப்டம்பரில் அரசு கொள்முதலுக்கு அறிவித்த விலை சன்ன ரகத்துக்கு குவிண்டால் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் 50,900 ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, அறுப்பு மிஷின் எல்லாம் போக அதில் பாதி நின்றால் பெரிசு. இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் மூணு கட்டில் போட்டு, கட்டிலுக்கு மாசம் 2,500 என்று வையுங்கள். பத்து மாசத்துக்கு 75,000! ஒரு ஏக்கர் நெல் தராத பணத்தை மூணு கட்டில் தருது. இந்தக் கணக்கு மாறாத வரைக்கும் "நிலத்தை விற்காதே" என்று விவசாயிக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமா?

ஆனால் விற்றவனோடு முடிகிற விவகாரமா இது? எங்க ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். நாலு ஏக்கரை மனை போட்டவர், நடுவே ஓடிய கன்னி வாய்க்காலை மண்ணடித்து மூடி ரோடு போட்டார். மனு கொடுக்கப் போனால், "வரைபடத்தில் வாய்க்காலே இல்லையே" என்று பதில். பட்டா நிலத்துக்குள் நாலு தலைமுறையாக ஓடிய தண்ணி, காகிதத்தில் ஏறாததால் இல்லாமல் போச்சு! அந்த வருசம் ஐப்பசி மழையில் மேலண்டை வயல்களில் தண்ணீர் வடியவே இல்லை. நட்டு இருபது நாள் ஆன பயிர் அழுகிப் போச்சு. மனை போட்டவர் அதற்கு முன்னாலேயே விற்றுக் கைகழுவிப் போய்விட்டார்.

நகரத்து மக்களே, இது உங்களையும் சுடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை பெய்தபோது நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து நின்றதை மறந்தீர்களா? ஊரில் பெய்த மழை பாசிமுத்தான் ஓடை, கான்சாகிப் வாய்க்கால் பக்கம் போய்க் கடல் சேரணும். வயலும் வடிகாலும் அடைபட்டால் அந்தத் தண்ணீர் உங்க வாசலுக்குத்தான் திரும்பும்.

சட்டம் இல்லையா? இருக்கு. 2016இல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய உயர்நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருசமே வரன்முறை விதி வந்தது. பணம் கட்டினால் மனைக்கு அனுமதி வரும். அடைபட்ட கன்னி வாய்க்கால் திறக்குமா? 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை ஒன்றியங்கள் அதில் இருக்கு. அந்தச் சட்டம் எண்ணெய் எடுப்பதையும் உருக்காலையையும் தடுக்குது. மனைக் கல்லைத் தடுக்கவில்லை. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த கதை!

ஆகவே நாம் கேட்பது:

1. பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. மாணவருக்கு இடம் கொடுப்பதும் அரசின் பொறுப்பு. பல்கலைக்கழக வளாகத்திலேயே போதிய விடுதி கட்டு.

2. கடைத்தெருவில் காலியாக, சாமான் அடைத்துக் கிடக்கும் மாடிகளைக் கணக்கெடு. கோபுரத்தை மறைத்து உயரக் கட்ட வேணாம். இருக்கிற மாடியைச் சீர்செய்தாலே பல நூறு பிள்ளைங்க தங்கலாம். கீழே கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

3. பெண்கள் விடுதிகளுக்கு 2014 சட்டப்படி ஆட்சியர் உரிமம் இருக்கா என்று வருசா வருசம் பார்.

4. மனைக்கு அனுமதி கொடுக்கும் முன் கன்னி வாய்க்காலையும் வடிகாலையும் விவசாயிகளை வைத்து அளந்து வரைபடத்தில் ஏற்று. வேளாண் மண்டலச் சட்டத்தில் மனைப்பிரிவையும் சேர்.

5. சந்தையை, பேருந்து நிலையத்தை எங்கே மாற்றிக் கட்டினாலும், 1999இல் உழவர் சந்தை தொடங்கியபோது சொன்னபடி வாடகை இல்லாமல் விவசாயிக்கு நிழலான இடம் ஒதுக்கு.

6. நெல்லுக்குக் கட்டுப்படியான விலை கொடு. விலை கிடைத்தால் எந்த விவசாயியும் வயலை விற்க மாட்டான்.

ஊர் வளர வேணாம் என்று நாம் சொல்லவில்லை. ஊருக்குள் இடம் கிடக்கும்போது சோறு போடும் வயலை ஏன் மூடணும் என்று கேட்கிறோம். மாணவர்களே, இது உங்க கோரிக்கையும்தான். ஆர்ப்பாட்டத்துக்கு நீங்களும் வாங்க, உங்க வாத்தியார்களையும் கூட்டி வாங்க.

வடிகாலைத் திற! வயலைக் காப்பாற்று!
மாணவருக்கு விடுதி, உழவருக்கு விலை!

தோழமையுடன்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்