பெக்கோ வருவதற்கு முன்

ஆனைக்கோட்டை முத்திரையைப் பற்றிப் பெருமையோடு பேசுவோர் நம்மிடையே பலர். அது கிடைத்த விதத்தை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. அந்த மண்திடலை ஆய்வாளர் எவரும் திட்டமிட்டுத் திறக்கவில்லை. வேறோர் இடத்தை நிரப்புவதற்காக அங்கிருந்து மண் அள்ளப்பட்டபோதுதான் பழைய மட்பாண்ட ஓடுகள் வெளித்தெரிந்தன. அதன் பின்னரே, 1980 இல், பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலானோர் அடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கு அகழ்ந்தது. பெருங்கற்கால ஈமக்குழியில் எலும்புக்கூட்டின் அருகே, மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகளும் கொண்ட முத்திரை கிடைத்தது. ஏற்கெனவே அள்ளிச் செல்லப்பட்ட மண்ணோடு எவையெல்லாம் போயின என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

குடாநாட்டின் நிலம் அப்படிப்பட்டது. பல இடங்களில் சுண்ணாம்புக் கல்லின் மீது மெல்லிய போர்வையாகவே செம்மண் கிடக்கிறது. ஈராயிரம் ஆண்டு வாழ்வு சில அடி மண்ணுக்குள் முடிந்துவிடக்கூடும். பெக்கோ ஒரு முற்பகல் வேலை செய்தால் போதும்.

அயர்லாந்தில் நெடுஞ்சாலை போடுமுன் வயல்களின் குறுக்கே நீண்ட, ஒடுங்கிய சோதனைக் குழிகளை வெட்டுகிறார்கள். பல்லில்லாத வாளி பொருத்திய இயந்திரம் மேல்மண்ணை மெதுவாகச் சுரண்டும். அருகில் தொல்லியலாளர் நின்று மண்ணின் நிறமாற்றத்தைப் பார்ப்பார். அங்கும் எல்லாம் இனிதே நடந்துவிடவில்லை. தாரா குன்றுக்கு அண்மையில் எம்3 நெடுஞ்சாலைக்காக 2007 இல் லிஸ்முல்லின் என்னும் இடத்தில் இரும்புக்காலச் சடங்கு வளாகம் ஒன்று வெளிப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் அதனை அகழ்ந்து பதிவு செய்துவிட்டுச் சாலையை அமைத்தார்கள். இடம் போயிற்று, பதிவாவது எஞ்சியது. நமக்கு அதுகூட எஞ்சுவதில்லை.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1998 இல் திருத்தப்பட்டபோது, அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபின் வடக்கில் எத்தனையோ வீதிகள் அகலமாக்கப்பட்டன. ஓரத்து மண்ணை வெட்டுமுன் எந்த இடத்தில் எவர் நின்று பார்த்தார் என்பதைப் பொதுமக்கள் அறியும்படி எவரும் சொன்னதில்லை.

ஆயினும் குறை அரச தரப்பில் மட்டும் என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மையே. பல ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர், கிணறு வெட்டியபோது கிடைத்த கறுப்புச் சிவப்பு ஓடுகளை எனக்குக் காட்டினார். "எழுதிப் போடாதையுங்கோ தம்பி, காணி போயிடும்" என்றார். நான் எழுதவில்லை. கந்தரோடையையும் குருந்தூர்மலையையும் பார்த்த மக்களுக்குத் தொல்லியல் என்றால் எல்லைக்கல் நடுவது என்றே பொருள்படுகிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அச்சத்தின் விளைவாக நம் முன்னோரின் தடயங்களை நாமே மண்ணிட்டு மூடுகிறோம்.

நிலத்தடியில் இருப்பவை எல்லாம் பழையனவும் அல்ல. 2023 இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்காகவும், 2025 பெப்ரவரியில் செம்மணியில் தகனமேடை அமைப்பதற்காகவும் வெட்டியபோது வெளிவந்தவை மனித எலும்புகள். அங்கும் தொல்லியலாளரையே அழைக்க வேண்டியிருந்தது.

ஆகவே வீதிப் பணிக்கு முன்னரான சோதனை அகழ்வில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு உரிய இடம் வேண்டும். அறிக்கை தமிழிலும் வெளிவர வேண்டும். அதற்கும் முதலில், ஓடு கிடைத்ததென்று அறிவித்தவரின் காணி அவரிடமே இருக்கும் என்ற உறுதிமொழி எழுத்தில் வேண்டும். அது இருந்திருந்தால் அந்தத் தோட்டக்காரரின் கிணற்றடி இன்று ஏதாவதொரு வரைபடத்தில் இருந்திருக்கும். அவர் இப்போது இல்லை. அந்தக் கிணறும் தூர்ந்துவிட்டது.