அடங்கும் நெல்லும் நிமிரும் நெல்லும்

மதுரை மாநகரின் மேல்பால், வைகையின் தென்கரையிலே கோச்சடை என்னும் ஊர் உளது. முன்னாளில் நெல் விளைந்த ஊர். இந்நாளில் நகரோடு கலந்து, வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்ட ஊர். அவ்வூர்ப் பெயரை யாம் இங்கு எடுத்தது ஊர்ப்பெருமை பேசுதற்கன்று. வயல்களோடு பழைய நெல் வகைகளும் மறைந்தால் யாது குறைந்துவிடும் என்று வினவும் நண்பர்க்கு உயிர்நூல் தரும் விடையை எடுத்துரைத்தற்கேயாம்.

ஒரு நெற்பயிரின் வேரிலும் இலையிலும் கதிரிலும் உள்ள உயிரணுக்கள் ஒரே மரபணுத் தொகுதியை உடையன. இந்தியாவும் பங்குகொண்ட பன்னாட்டுக் குழுவினர் 2005-ஆம் ஆண்டில் நெல்லின் மரபெழுத்தைப் படித்து வெளியிட்டபோது, அதன்கண் ஏறத்தாழ 37,500 மரபணுக்கள் உள எனக் கணித்தனர். இத்துணையும் பொதுவாக இருக்க, வேர் வேராகவும் இலை இலையாகவும் அமைவது எவ்வாறு? எந்த மரபணு எவ்விடத்து, எப்பொழுது, எவ்வளவு தொழிற்படல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டினாலேயாம். இக்கட்டுப்பாட்டின் இயல்பை ஒரு நுண்ணுயிரிடத்து ஆராய்ந்து 1961-இல் தெளிவுறுத்தியவர் ஜாக்கோப், மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர். பால்வெல்லம் கிடையாத காலத்து, ஒரு புரதம் அதனைச் செரிக்கும் மரபணுக்களின் வாயிலில் அமர்ந்து தடுக்கின்றது. வெல்லம் வந்தபோது விலகி வழிவிடுகின்றது. வீட்டில் நூறு விளக்குகள் இருத்தல் வேறு. வேண்டிய அறையில் வேண்டிய வேளையில் ஏற்றுதல் வேறு.

இக்கட்டுப்பாடுதானும் எல்லா உயிர்க்கும் ஒருபடித்தானதன்று. வாழும் இடத்திற்கேற்ப வெவ்வேறு முறைகளாக அது கிளைத்துள்ளது. அவற்றுள் எதனையும் எவ்விடத்தும் சிறந்ததெனக் கூறல் இயலாது என்பதே எமது கருத்து. வெள்ளத்தில் மூழ்கிய நெல்லே இதற்குத் தக்க சான்று.

நெல் நீரை விரும்பும் பயிரேயெனினும், முழுவதும் மூழ்கினால் வருந்துவது. பயிரின் உடலில் பிறக்கும் எதிலீன் என்னும் ஆவி, காற்றில் எளிதிற் பரந்து சென்றுவிடும். நீரிலோ அவ்வாறு செல்லமாட்டாது உள்ளேயே திரளும். அத்திரட்சியே 'மூழ்கினாய்' என உயிரணுக்களுக்கு அறிவிக்கும் தூது. தூது பெற்ற பொதுவகை நெல், நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்கும் பொருட்டுத் தன் சேமிப்பைச் செலவிட்டு நீள முயல்கின்றது. நீர் விரைவில் வடியாதாயின் சேமிப்பு ஒழிந்து மடிகின்றது.

இத்தூதுக்கு முற்றும் மாறுபட்ட இரு மறுமொழிகளை நெல்லினம் கண்டுள்ளது. ஒடிசா நாட்டுப் பழைய நெல்லொன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13-ஏ என்னும் வகை, எதிலீன் திரண்டதும் சப்-1ஏ என்னும் மரபணுவை எழுப்புகின்றது. அது, கிபெரெல்லின் என்னும் வளர்ச்சியூக்கியின் ஏவலை உயிரணுக்கள் ஏலாதபடி தடுக்கின்றது. பயிர் நீளாது, சேமிப்பைக் காத்து, இரண்டு வாரம் அளவும் நீருள் அடங்கிக் கிடந்து, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கின்றது. மாக்கில், ரோனால்டு முதலிய அறிஞர்கள் இம்மரபணுவை 2006-இல் இனங்கண்டு வெளியிட்டனர். வங்காளதேசம் முதலிய நாடுகளில் திங்கட்கணக்காக நிற்கும் ஆழ்நீரில் வளரும் நெல்லோ, அதே எதிலீன் தூது பெற்று, சுநார்க்கெல் எனப் பெயரிட்ட இரு மரபணுக்களை எழுப்புகின்றது. அவை கிபெரெல்லினின் செயலைத் தூண்ட, தண்டு ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரையும் நீண்டு நீருக்குமேல் தலை நீட்டுகின்றது. இதனை 2009-இல் ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்டனர்.

இனிக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அடங்குவிக்கும் மரபணுவும் நிமிர்விக்கும் மரபணுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தன. இரண்டும் பிற மரபணுக்களை ஏவும் புரதத்தை ஆக்குவன. இரண்டும் எதிலீனுக்கே செவிசாய்ப்பன. இவ்வாறு உறவினராயிருந்தும் தொழிலில் மாறுபட்டது எவ்வாறு? மரபணுவொன்று தற்செயலாய் இரட்டித்தால், ஒரு படி பழைய தொழிலைப் பார்த்துக்கொள்ள, மற்றொரு படி மாறுதற்கு உரிமை பெறுகின்றது. சப்-1ஏ, தன் அண்டையிலுள்ள சப்-1பி என்பதன் இரட்டிப்பினாற் பிறந்ததென ஆய்வாளர் கருதுவர். மரபணுவைப் பெற்றிருத்தல் மட்டும் போதாது என்பதற்கும் இங்கே சான்றுண்டு. சப்-1ஏ இருந்தும் வெள்ளத்திற்கு ஆற்றாத நெற்கள் பல உள. அவற்றில் அது சிறிது வேறுபட்ட வடிவினது. மூழ்கிய காலத்தும் போதிய அளவில் எழுவதில்லை. இயற்கை புதிய பொருளைப் புதிதாய்ப் படைப்பதினும், பழைய பொருளுக்குப் புதிய ஆட்சியை வகுப்பதே பெரும்பான்மை எனலாம்.

இவ்விரு நெற்களையும் இடம் மாற்றி நட்டால் என்னாகும்? சிலநாள் வெள்ளத்தில் ஆழ்நீர் நெல் வீணே நீண்டு, நீர் வடிந்தபின் சாயும். திங்கட்கணக்கான வெள்ளத்தில் அடங்கும் நெல் அழுகும். நல்ல மரபணு, தீய மரபணு எனப் பிரித்துப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய நெற்கள் விளைச்சல் குறைந்தவை, அவற்றைப் போற்றுவதால் பயனென்னை என்பர் சிலர். புதிய நெற்கள் நம் பசியாற்றியதை யாம் மறுக்கின்றிலேம். எப்.ஆர். 13-ஏயும் விளைவு குன்றிய நெல்லே. ஆயினும் அதன் சப்-1ஏயைக் கலப்பு முறையால் பெருவிளைவு தரும் ஸ்வர்ணாவுக்கு ஏற்றிப் பிறந்த ஸ்வர்ணா-சப்1 என்னும் நெல் 2009-இல் இந்திய உழவர்க்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் வழங்கும் சி.ஆர். 1009 என்னும் நெல்லுக்கும் பின்னர் இக்குணம் ஊட்டப்பட்டது. ஒடிசாவின் உழவர் அப்பழைய வித்தை என்றோ கைவிட்டிருப்பின், ஆய்வாளர் எதனை எங்குத் தேடியிருப்பர்?

நம் பாண்டிநாட்டிலும் நீரின் போக்கு ஊருக்கு ஊர் வேறு. பெரியாற்று நீர் பாயும் மதுரைச் சமவெளி ஒருபுறம். மழையையும் கண்மாயையும் நம்பிய இராமநாதபுரத்து வானம்பார்த்த நிலம் மற்றொருபுறம். அங்கே வறட்சியைத் தாங்குவது நொறுங்கன் என்னும் நெல். தமிழகத்தில் வெள்ளத்தைத் தாங்குவதென உழவர் போற்றுவது மடுமுழுங்கி. தலைமுறை தலைமுறையாக மண்ணும் மழையும் உழவரும் கூடித் தேர்ந்த ஆட்சிமுறை அவ்வித்துக்களுள் அடங்கியுள்ளது. அவற்றை இழத்தல் விதைநெல்லைக் குற்றியுண்பதை ஒக்கும்.

விதைகளைக் குளிர்க்களஞ்சியங்களிற் காத்தல் நன்றே. ஆனால் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கேற்பத் தானும் மாறமாட்டாது. வயலில் விளையும் விதையே மாறும். ஆகவே களஞ்சியமும் வேண்டும், வயலும் வேண்டும். உயிர்நூல் பயிலும் மாணவர்காள்! விடுமுறையில் உங்கள் ஊர்களுக்குச் செல்லுங்கால், முதியோரை அணுகி, அவர் பயிரிட்ட நெல்லின் பெயரையும், அது எந்நீரில் வாழ்ந்தது, எந்நீரில் மாண்டது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிடி விதை கிடைப்பின் வாங்கி, விளைவிக்க ஒருப்படும் உழவர் கையிற் சேருங்கள். ஆய்வுக்கூடத்துப் பணிக்கு இஃது எவ்வாற்றானும் குறைந்ததன்று.