கோட்டை மட்டும்தான் பாரம்பரியமா? கணியம்பாடி ஸ்டேஷன் கணக்கில் வராதா?



வேலூர் கோட்டையில் ஒரு கல் பெயர்ந்தாலும் கேள்வி கேட்க ஒன்றியத் தொல்லியல் துறை இருக்கு. இருக்கணும். 1806-ல் சிப்பாய்கள் ரத்தம் சிந்திய மண் அது.

ஆனா அதே வேலூரில், கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை வழியா விழுப்புரம் போற பாதையில் நிற்கிற பழைய ரயில் நிலையக் கட்டடங்களுக்கு யார் காவல்? ஒரு பழைய சுவரை இடிக்கணும்னா ரயில்வே நினைச்சா போதும். ஊர் மக்களைக் கேட்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

"சின்ன ஊர் ஸ்டேஷன்தானே, அதுல என்ன பாரம்பரியம்?" என்று கேட்கிறவர்களுக்கு வரலாற்றையே பதிலா வைக்கிறோம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ஓடியது. புறப்பட்ட இடம் சென்னை ராயபுரம். போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகும்வரை அது நம்ம வேலூர் மாவட்டம்தான்! ராயபுரம் நிலையத்தை 2005-ல் புதுப்பித்தார்கள், நாடே பேசியது. அந்தப் பாதையின் மறுமுனை நம்ம மண் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பிள்ளைகளுக்கே சொல்லித் தரலையே!

அடுத்து கணியம்பாடி வழியாகப் போகும் பாதை. 1890-களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர் கேஜ். அதே பத்தாண்டில், 1899-ல், குன்னூருக்கு மலை ரயில் ஏறியது. அதுவும் மீட்டர் கேஜ்தான். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அங்கே இருக்கிற குட்டிக் குட்டி ஸ்டேஷன்களை இன்னைக்கு உலகமே வந்து படம் எடுக்குது. நீலகிரி ரயிலின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அதே காலம், அதே மீட்டர் கேஜ். மலையில் இருந்தா பாரம்பரியம், சமவெளியில் இருந்தா குப்பையா?

2010-ல் இந்தப் பாதை அகலப் பாதையா மாறி ரயில் மறுபடி ஓடியது. நல்லது, வரவேற்றோம். ஆனா கேஜ் மாற்றம் நடந்தபோது தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பழைய நிலையக் கட்டடங்கள் கேட்பாரற்றுப் போச்சு. டோக்கன் வளையம், சிக்னல் லீவர், அட்டை டிக்கெட் எல்லாம் பழைய இரும்பு, பழைய பேப்பர் கணக்கில் போச்சு.

அந்தக் கால ஸ்டேஷன்களின் கட்டுமானத்தையும் பாருங்க. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, சுற்றி வராந்தா. நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலுக்கு ஏத்த கட்டடம். இன்னைக்கு ஊருக்கு ஊர் ஒரே மாதிரி தகடு ஒட்டி, கண்ணாடி பதிச்ச முகப்பு. உள்ளே போனா அனல்!

கட்டடத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. கோட்டை ராஜாக்களின் கதை சொல்லும். ஸ்டேஷன் ஜனங்களின் கதை சொல்லும். தென்னிந்திய ரயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் இருந்தது. தந்தை பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் விடாமல் போராடி, 1941-ல் அந்த இழிவு ஒழிந்தது. இதே தென்னிந்திய ரயில்வேயின் தொழிலாளர்கள் 1928-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் போனதும் ரயிலில்தான். இந்த உழைப்பின், இந்தப் போராட்டத்தின் சாட்சி எந்த அரண்மனையில் இருக்கு? ஸ்டேஷன் சுவரில்தான் இருக்கு!

"அப்போ லிஃப்ட் வேண்டாமா, கழிப்பறை வேண்டாமா, வளர்ச்சிக்கு எதிரியா?" என்று சிலர் கிளம்புவார்கள். வேணும், எல்லாமே வேணும்! அம்ரித் பாரத் திட்டத்தில் போளூரும் திருவண்ணாமலையும் 2025 மே 22-ல் திறக்கப்பட்டன. வேலூர் கன்டோன்மென்ட்டும் பட்டியலில் இருக்கு. வசதி வரட்டும். 1908-ல் திறந்த எழும்பூர் நிலையத்தில் பழைய முகப்பை வைத்துக்கொண்டேதானே புது வேலை நடக்குது? எழும்பூருக்கு முடியும் என்றால் கணியம்பாடிக்கு ஏன் முடியாது? பெரிய ஊருக்கு ஒரு நியாயம், சின்ன ஊருக்கு ஒரு நியாயமா?

நமது கோரிக்கைகள்:

▪️ காட்பாடி–விழுப்புரம் பாதையில் உள்ள ஒவ்வொரு நிலையக் கட்டடமும் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, இன்று என்ன நிலையில் இருக்கு என்ற பட்டியலைத் தெற்கு ரயில்வே வெளியிட வேண்டும்.

▪️ நூறு ஆண்டு கடந்த எதையும் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்காமல் இடிக்கக் கூடாது.

▪️ 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஏட்டில் இருந்தா போதாது. மாநில அரசு இந்த நிலையங்களை ஆய்வு செய்து ரயில்வேயிடம் வாதாட வேண்டும்.

▪️ பயன்பாட்டில் இல்லாத பழைய கட்டடங்களை நூலகமாகவோ, ஊர் வரலாற்றுக் கூடமாகவோ உள்ளாட்சிகளிடம் கொடுக்க வேண்டும்.

தோழர்களே, உங்க ஊர் ஸ்டேஷனின் பழைய சுவர், பெயர்ப்பலகை, தூண், பெஞ்சு எதுவா இருந்தாலும் இந்த வாரமே போட்டோ எடுத்து, ஊர் பேரோட கமென்ட்டில் போடுங்க. தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு வரி எழுதுங்க. அவங்க பட்டியல் போடுறதுக்கு முன்னாடி நம்ம பட்டியல் ரெடியா இருக்கணும்.

இடிச்ச பிறகு அழுது பிரயோஜனம் இல்லை. இப்பவே கேட்போம்!

#கணியம்பாடி #நம்மஸ்டேஷன்_நம்மவரலாறு