எடை குறைந்த ஆன்டெனாவும் ஏறிப்போன சூடும்

மே மாதப் பிற்பகலில் வேலூரில் 5ஜி மந்தமானால், மக்கள் முதலில் திட்டுவது கம்பெனியை, அடுத்து கையில் இருக்கும் போனை. டவரில் தொங்கும் பெட்டி யாருக்கும் நினைவுக்கு வராது. அந்தப் பெட்டிகளை மேலே ஏற்றி மாட்டிப் பராமரிக்கும் ஒப்பந்த வேலை என்னுடையது. கத்திரி வெயிலில் சிக்னல் தள்ளாடுவதற்கு அந்தப் பெட்டியின் சூடும் ஒரு காரணம். அதை அளக்கவோ வெளியே சொல்லவோ இங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை. என் குறை அதுதான்.

2ஜி காலத்தில் டவருக்கு அடியில் ஓர் அறை இருக்கும். ரேடியோவும் பேட்டரியும் அதற்குள்ளே. இரண்டு ஏசி முறைவைத்து ஓடும். மேலே இருந்தது வெறும் ஆன்டெனா. அதில் சூடேற எதுவும் கிடையாது. ஆனால் கீழிருந்து மேலே போன தடித்த கேபிளிலேயே பவரில் பாதி வரை கரைந்துவிடும். அந்த நஷ்டத்தைத் தவிர்க்க ரேடியோவை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ரேடியோவும் ஆன்டெனாவும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. மாசிவ் மைமோ என்று சொல்லப்படும் இந்தக் கருவிக்குள் 32 அல்லது 64 ரேடியோ பாதைகள் உண்டு. கூடவே, அலையை எந்தத் திசைக்கு எவ்வளவு அனுப்புவது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடும் சிப்புகளும் உண்டு. ஏசி அறைக்கு வேலை போனது, மின்சாரம் மிச்சமானது. சூடு மட்டும் நிழலே இல்லாத உச்சிக்குக் குடிபோய்விட்டது.

எவ்வளவு சூடு? இந்த வகைக் கருவி ஒன்று முழு வேலையில் 800 முதல் 1,200 வாட் வரை இழுக்கும். அதில் அலையாக வெளியே போவது 200 முதல் 320 வாட். மிச்சம் அத்தனையும் சூடுதான். சுமாராக 700 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் வைத்தால் தூசியில் சிக்கி அதுதான் முதலில் கெடும். 40 மீட்டர் உயரத்தில் ஃபேன் மாற்ற யார் ஏறுவது? ஆகவே தானாக வீசும் காற்றை நம்பித்தான் இவை வடிவமைக்கப்படுகின்றன. அப்படி 700 வாட்டை வெளியேற்ற, வெளிக்காற்றைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் உலோகப் பரப்பு மூன்று, நான்கு சதுர மீட்டர் வேண்டும். இரண்டு வாசற்கதவுகளின் அளவு அது. அதை ஒரு சூட்கேஸ் அளவுப் பெட்டியின் முதுகில் ஃபின் ஃபின்னாக, அதாவது மெல்லிய தகடுகளாக, மடித்து வைக்கிறார்கள்.

முதுகில் மட்டும் ஏன்? முகப்பில் அலை வெளியேற வேண்டும். அங்கே உலோகம் கூடாது, பிளாஸ்டிக் மூடிதான் போட முடியும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. தனி ரேடியோவாக இருந்தபோது எல்லாப் பக்கமும் சூடு இறங்கிய கருவிக்கு இப்போது ஒரே பக்கம்தான் மிச்சம்.

அந்த ஒரு பக்கத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? கிழக்கு பார்த்த ஆன்டெனாவின் முதுகு மேற்கே இருக்கும். ஊரே கொதிக்கும் மூன்று மணிக்கு மேல்வெயில் நேராக ஃபின்களில் அடிக்கிறது. வெளிர் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தாலும் நூறு வாட் அளவுக்கு வெளிச்சூடு சேர்ந்துவிடும். கல் குவாரி பக்கத்து டவர்களில் ஃபின் இடுக்கெல்லாம் வெள்ளைத் தூள் அப்பிக் கிடக்கும். குளவி தன் மண்கூட்டுக்கு அந்த இடுக்கைத்தான் தேர்ந்தெடுக்கும். இடமில்லை என்று ஒரே கம்பத்தில் 4ஜி ரேடியோவைக் கீழேயும் 5ஜி பெட்டியை அதன் தலைக்கு மேலேயும் மாட்டச் சொல்வார்கள். கீழிருப்பது விடும் அனல் முழுக்க மேலிருப்பதன் முதுகு வழியாகத்தான் ஏறும். மொட்டை மாடிகளில் அழகுக்காக ஆன்டெனாவைச் சுற்றித் தடுப்பு கட்டுகிறார்கள். சில இடங்களில் ஏசியின் வெளி யூனிட் ஊதும் திசையிலேயே கம்பம் நிற்கும்.

நான் கையெழுத்துப் போடும் பராமரிப்புப் படிவத்தில் டீசல் அளவு, பேட்டரி வோல்டேஜ், டவர் போல்ட், உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஃபின்னைத் துடைத்தாயா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலைக்குக் காசு இல்லை. காசு இல்லாத வேலைக்கு யாரும் டவர் ஏற மாட்டார்கள்.

சூடு எல்லை மீறினால் கருவி எரிந்துபோகாது. உள்ளே இருக்கும் பாகங்களில் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் நல்ல சூடு தாங்கும். ஃபைபர் கேபிள் சொருகும் ஆப்டிகல் மாட்யூல் அப்படியில்லை; நல்ல ரகத்துக்கே 85 டிகிரிதான் எல்லை. அதனால் சென்சார் எச்சரித்ததும் கருவி தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும், அல்லது பாதி சேனல்களை மூடிவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் நகரச் சூழலில் பவர் பாதியானால் கவரேஜ் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழன்றுவிடும். ஓரத்தில் இருக்கும் வீடு 4ஜிக்கு இறங்கும். அங்கே ஏற்கெனவே கூட்டம். கண்காணிப்பு அறையின் திரையில் மட்டும் அந்த டவர் பச்சையாகவே தெரியும். அது ‘டவுன்’ ஆகவில்லையே!

விதிமுறையின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் புதுப்பித்த சேவைத் தர விதிகள் செல் நின்றுபோன நேரத்தைக் கணக்குக் கேட்கின்றன. ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வாடிக்கையாளருக்கு ஈடு தரச் சொல்கின்றன. நல்ல விதிகள். இணைய வேகத்துக்கும் அளவுகோல் உண்டு. ஆனால் அது சராசரியாகப் பார்க்கப்படுவது. நள்ளிரவு வேகத்தையும் பிற்பகல் மூன்று மணி வேகத்தையும் ஒன்றாகக் கலந்தால், கலவை தேர்ச்சி பெற்றுவிடும். சூட்டுக்காகப் பவர் குறைக்கப்பட்ட மணி நேரம் எந்தக் கணக்கிலும் தனியாக வருவதில்லை. அந்தத் தகவல் இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் வெப்பநிலையையும் அலாரத்தையும் பதிந்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

எடை குறைந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆரம்பத்தில் வந்தவை 40 கிலோவுக்கு மேல். கயிறும் கப்பியும் கட்டி அதை இழுத்த எங்கள் ரிக்கர்களின் தோள்பட்டையைக் கேட்டால் தெரியும். பிறகு 25 கிலோவாகின. 2021-ல் எரிக்சன் 12 கிலோவில் 32 பாதைகள் கொண்ட ஒன்றை அறிவித்தது. டவரில் காற்றுச்சுமை குறைகிறது, வாடகை குறைகிறது, ஆள் பாதுகாப்பாக ஏறி இறங்குகிறான். சூடு குறைந்த சிப், ஃபின்னுக்குள் திரவம் ஆவியாகிச் சுற்றும் தகடு, ஆள் இல்லாத இரவில் தூங்கும் மென்பொருள் என்று தயாரிப்பாளர்களும் உழைத்துத்தான் எடையைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் அலுமினியத்தைக் குறைக்கக் குறைக்கத் தவறுக்கான இடம் சுருங்குகிறது. கனத்த பழைய பெட்டி கொஞ்சம் தூசியையும் கொஞ்சம் வெயிலையும் பொறுத்துக்கொண்டது. இந்த ஒல்லிப் பெட்டி பொறுக்காது.

‘55 டிகிரி வரை இயங்கும் என்று கருவியின் ஏட்டிலேயே போட்டிருக்கிறதே, வேலூரில் அவ்வளவு வருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஏட்டை முழுக்கப் படிக்க வேண்டும். வெயில் படாவிட்டால் 55, பட்டால் 50 என்று பிரித்துப் போடும் தயாரிப்புகளும் இருக்கின்றன. அதுவும் சுத்தமான ஃபின்னோடு, சுற்றிலும் தடையில்லாத புதுப் பெட்டிக்கான கணக்கு. சென்னையிலேயே 2003 மே 31-ல் 45 டிகிரி பதிவானது. வானிலை நிலையம் அளப்பது நிழலில். சிமென்ட் தளத்தின் அனலும் கைப்பிடிச் சுவரின் தடுப்பும் சேர்ந்தால், மொட்டை மாடிக் கம்பத்தைச் சுற்றியுள்ள காற்று அந்த 50-ஐ எட்டுவது பெரிய விஷயமில்லை.

ஹெல்சின்கியில் 2020-ல் நோக்கியாவும் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமான எலிசாவும் திரவத்தால் குளிரூட்டும் 5ஜி நிலையம் ஒன்றை இயக்கின. அந்தக் குளிர்நாட்டில் கருவியிலிருந்து திரவம் எடுத்து வரும் சூடு வீட்டைச் சூடாக்க உதவும். நமக்குச் சூடு சுமைதான். அதனால் நம் விதிகள் நம் வெயிலுக்குத் தகுந்தவையாக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 5ஜி கருவிகள் தயாராகின்றன, பிஎஸ்என்எல் உள்நாட்டு ரேடியோவை வாங்குகிறது. இனியும் யாரோ எழுதிய ஏட்டை அப்படியே ஏற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நான் கேட்பது மூன்று. சூட்டுக்காகப் பவர் குறைத்த மணி நேரங்களை மார்ச் முதல் ஜூன் வரை மாவட்ட வாரியாக வெளியிட டிராய் உத்தரவிடட்டும். கத்திரி தொடங்கும் முன் ஃபின் துடைப்பதை டவர் நிறுவனங்கள் காசு கொடுத்துச் செய்யும் வேலையாக ஒப்பந்தத்தில் சேர்க்கட்டும். கொள்முதல் டெண்டர்களில் கம்பெனிகள், காற்றே வீசாத அறையில், செயற்கை வெயிலில், தூசி படிந்த ஃபின்னோடு, முழு பவரில் சோதித்த சான்றிதழ் கேட்கட்டும்.

கருவி வாங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை கிலோ என்று கேட்பது சரிதான். அதே படிவத்தில், 45 டிகிரி வெயிலில் முழு பவரில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதற்கான பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.