பல்கலைக்கழகம் கேட்கும் முன் கணக்கு எழுதுவோம்



எங்கள் பகுதிக்கு ஒரு பீடம் வேண்டும், ஒரு பயிற்சி நிலையம் வேண்டும் என்று கூட்டங்களில் கேட்கிறோம். கேட்பது எங்கள் உரிமை. ஆனால் திறைசேரி காசு ஒதுக்குவதற்கு முன் ஓர் அறிக்கையைக் கேட்கும். அதுதான் சாத்தியவள அறிக்கை. ஏன் இது தேவை, வேறு வழி உண்டா, என்ன செலவாகும், யாருக்கு என்ன பயன், எங்கே பிசகலாம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் அது பதில் சொல்லவேண்டும். இந்த அறிக்கையை எழுதும் மேசையில் பெண்கள் இல்லாவிட்டால் சில செலவுகள் எவர் கண்ணிலும் படுவதில்லை. அதனாலேயே இம்மாதம் இதைப்பற்றி எழுதுகிறேன்.

வவுனியாவையே எடுத்துக்கொள்வோம். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். வளாகம் பல்கலைக்கழகமாக 24 ஆண்டுகள் சென்றன.

முதலாவது கேள்வி தேவை. இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதியை நாடு முழுவதற்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே வழங்குகிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் தேசியத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவை அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆகவே வவுனியாவில் பல்கலைக்கழகம் இருப்பதால் வவுனியாப் பிள்ளைகளுக்குத் தனியாக இடம் கூடுவதில்லை. "எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள்" என்று மட்டும் எழுதினால் அந்த அறிக்கை முதல் பக்கத்திலேயே விழுந்துவிடும். உள்ளூர்ப் பயனை வேறிடத்தில் காட்டவேண்டும்: வேலைவாய்ப்பு, மாணவர் தங்குமிடங்களால் வரும் வருமானம், எங்கள் வயலுக்கும் குளத்துக்கும் உதவும் ஆராய்ச்சி, ஊர்ப் பெண்களுக்கான குறுங்காலப் பயிற்சிகள்.

இரண்டாவது, வேறு வழிகள். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன, இருக்கும் பீடத்தை விரித்தால் என்ன, புதிதாகக் கட்டினால் என்ன என்று மூன்றையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே வழியை மட்டும் காட்டும் அறிக்கையை எவரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது, செலவு. மாதர் சங்கத்தில் கடன் எடுத்து மா அரைக்கும் இயந்திரம் வாங்கியவர்களுக்கு இது விளங்கும். இயந்திரத்தின் விலை ஒருமுறைதான். மின்கட்டணமும் திருத்தச் செலவும் மாதாமாதம் வரும். கட்டடம் மூலதனச் செலவு. விரிவுரையாளர் சம்பளம், ஆய்வுகூடப் பொருட்கள், தண்ணீர், காவல் எல்லாம் மீண்டெழும் செலவு. ஆளணிக்கு அனுமதி கிடைக்காவிட்டால் கட்டிய மண்டபம் பூட்டியே கிடக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் குரல் வேண்டும். நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பெண்கள். பம்பைமடு நகருக்கு வெளியே உள்ளது. கிளிநொச்சி அறிவியல் நகரும் அப்படியே. மாலை ஆய்வுகூட வகுப்பு முடிந்தபின் பஸ் உண்டா? வீதி விளக்கு உண்டா? பெண்கள் விடுதியில் எத்தனை பேருக்கு இடம்? பணிபுரியும் தாய்மாரின் குழந்தைகளை எங்கே விடுவது? இவை "பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளக்கூடிய காரியங்களல்ல. விடுதி இல்லாவிட்டால் வெளியே அறை எடுக்கும் வாடகை பெற்றோர் தலையில் விழுகிறது. வீட்டில் ஒருவர் உழைப்பில் வாழும் தாய், மகளுக்கு இடம் கிடைத்தும் அனுப்பத் தயங்குவாள். இலவசக் கல்வி என்கிறோம். அந்த வாடகை எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் போகிறது. அதை முதல் வரவு செலவிலேயே சேர்க்கச் சொல்லவேண்டும்.

கடைசியாக, இடர்கள். 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கிய விவசாய பீடம் போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. போர் முடிந்த பின்னரே திரும்பி வந்தது. வவுனியா பல்கலைக்கழகம் பிறந்து ஓராண்டு நிறையுமுன், 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாமல் நிறுத்தியது. புதிய நியமனங்களும் கட்டட வேலைகளும் அவ்வாண்டில் மட்டுப்படுத்தப்பட்டன. எனவே காசு பாதியில் நின்றால் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று அறிக்கையிலேயே எழுதிவைக்கவேண்டும். என்னைக் கேட்டால், விடுதியும் தண்ணீரும் முதலில். அலங்கார நுழைவாயில் கடைசியில்.

சகோதரிகளே, உங்கள் பிரதேசத்தில் இப்படியொரு திட்டம் பற்றிக் கூட்டம் நடந்தால் பின்வரிசையில் இருந்துவிட்டு வராதீர்கள். கட்டடம் எத்தனை மாடி என்று கேட்பதற்கு ஆட்கள் இருப்பார்கள். விடுதியில் எத்தனை கட்டில், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஐந்தாவது வருடத்துச் சம்பளத்தை யார் தருவது என்று நீங்கள் கேளுங்கள். கேட்ட கேள்வியைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். பதியப்பட்ட கேள்விக்கு ஒருநாள் பதில் சொல்லியே ஆகவேண்டும்.