கரண்டியைக் கீழே வைக்கும் நேரம்



இல்லந்தோறும் சென்று மக்களைச் சந்திக்கும் பணியில் பங்குக் குரு அறிந்துகொள்ளும் செய்திகள் பல. கூடத்தில் அமர்ந்து பேசும்போது குடும்பத்தின் நலம் மட்டுமே காதில் விழும். அடுக்களைப் பக்கம் கண் சென்றால்தான் அதன் துயரமும் தெரியவரும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, எனது பங்கைச் சேர்ந்த இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டின் தாய் ஆண்டவரில் துயில்கொண்டு பத்துத் திங்கள் ஆகியிருந்தன. தந்தை சரக்கு வண்டி ஓட்டுநர். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பிலும் இளையவன் மூன்றாம் வகுப்பிலும் பயின்றனர். வாசலில் கால் வைத்தபோதே கோகோவும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம் எதிர்கொண்டது. அடுக்களை மேடைமீது ஆறு சிறு கேக்குகள் கிடந்தன. மேற்புறம் கூம்பாகப் புடைத்து, வெடித்து, தட்டினால் ஓசை எழும் அளவுக்கு இறுகிப்போயிருந்தன. அருகே அச்சிறுமி தலைகுனிந்து நின்றாள்.

அவை மஃபின்கள். சாக்லேட்டும் ஆரஞ்சும் சேர்த்துச் சிறு கிண்ணங்களில் சுட்டெடுப்பவை. அவளுடைய தாய் திருமணத்திற்கு முன்னர் ஓர் அடுமனையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட பண்டம் அது. பிள்ளைகளின் பிறந்தநாள்தோறும் அதைச் செய்வது அவ்வம்மையாரின் வழக்கம். இளையவனின் பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாட்களே இருந்தன.

“மூன்று முறை செய்து பார்த்துவிட்டாள், சாமி” என்றார் தந்தை. “முட்டையும் சர்க்கரையும் வீணானதுதான் மிச்சம். கடையில் வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்பதில்லை.”

“அம்மா எதையும் எழுதி வைக்கவில்லை, ஃபாதர். எல்லாம் கண்ணளவுதான்” என்றாள் மகள்.

எனக்கு அடுமனைத் தொழில் தெரியாது. ஆயினும் எனது முதல் பங்கில், கன்னியர் மடத்து அடுக்களையில் இருந்த முதிய சகோதரி ஒருவர் கேக் சுடுவதில் வல்லவர். மாவைப் பற்றி அவர் கூறியவற்றைக் கேட்டுக்கொண்டு காலைக் காப்பி அருந்திய நாட்கள் பல. அந்நினைவை வைத்துக்கொண்டு, “மாவை எவ்வளவு நேரம் கலக்கினாய், அம்மா?” என்று கேட்டேன்.

“இருபது நிமிடம், ஃபாதர். கை வலிக்கும்வரை கலக்கினேன். இந்த முறையாவது நன்றாக வர வேண்டுமே என்றுதான்.”

குறை அங்கேதான் இருந்தது. அது அன்பின் மிகுதியால் விளைந்த குறை.

கோதுமை மாவில் ஒருவகைப் புரதம் உண்டு. நீர் பட்டவுடன் அது வலைபோலப் பின்னிக்கொள்ளத் தொடங்குகிறது. பிசையப் பிசைய அவ்வலை வலுப்பெறும். பரோட்டாவுக்கும் ரொட்டிக்கும் அவ்வலிமை வேண்டும். மஃபினுக்கோ அது பகை. மிகுதியாகக் கலக்கப்பட்ட மாவில் பிறக்கும் வாயு எளிதில் விரிய இடமின்றி, நீண்ட புழைகளைக் குடைந்துகொண்டு மேலே முட்டும். கூம்பு முகமும் வெடிப்பும் இறுக்கமும் அதனால் வருபவை. உலர்ந்த மாவையும் ஈரப்பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்தபின் பத்துப் பன்னிரண்டு முறை கரண்டியால் புரட்டினால் போதும். சிறு கட்டிகள் இருந்தாலும் குற்றமில்லை. அவை வேகும்போது தாமே கரைந்துவிடும்.

முந்திய இரு முயற்சிகள் எவ்வாறு கெட்டன என்றும் கேட்டேன். முதலாவது கசந்ததாம். ஆரஞ்சின் மணம் முழுவதும் அதன் புறத்தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. கசப்போ அதன் கீழுள்ள வெண்தோலில் இருக்கிறது. மணம் மிகட்டும் என்று அவள் அழுத்தித் துருவியதால் வெண்தோலும் கலந்துவிட்டது. இரண்டாவது நடுவில் குழிந்து அமுங்கியதாம். வெந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் பத்தாம் நிமிடத்திலேயே மூடியைத் திறந்துவிட்டாள். முட்டையும் மாவும் இறுகி நிலைபெறுமுன் வெப்பம் தணிந்தால், எழுந்தது அமர்ந்துவிடும்.

அன்பு நேயர்களே, இச்சிறு பண்டத்தின் பின்னால் நெடிய வரலாறு உண்டு. கொக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டு மக்கள் அதன் விதையை அரைத்துக் கசப்பான பானமாக அருந்தினர். ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தபோது, நோன்பு நாளில் சாக்லேட் அருந்தலாமா என்னும் வழக்கு நம் திருச்சபைக்குள்ளேயே பல ஆண்டுகள் நடந்தது. கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரன்காச்சோ 1664-ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூலே எழுதி, நீரில் கலந்த சாக்லேட் பானமே ஆதலின் நோன்பை முறிக்காது என்று வாதிட்டார். மஃபின் தின்போருக்கு அவ்வாதம் உதவாது! பின்னர் 1753-இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அம்மரத்துக்குச் சூட்டிய தியோப்ரோமா என்னும் பெயருக்குத் தெய்வங்களின் உணவு என்பது பொருள். நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-இல் விதையின் கொழுப்பைப் பிழிந்து நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் வாங்கும் கோகோத் தூள் அவ்வழியில் வந்ததே.

மாவை உப்பச் செய்யும் பேக்கிங் பவுடரின் கதை குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்னும் வேதியியலார் மருந்துக்கடை நடத்தி வந்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்டும் ஒவ்வாது. மனைவி உண்ணத்தக்கதைத் தேடிய அக்கணவர், 1837-இல் முட்டையில்லாக் கஸ்டர்டுத் தூளையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே மாவை எழும்பச் செய்யும் தூளையும் உருவாக்கினார். ஒரு மனைவியின் உணவுத் தட்டைக் குறித்த கவலை, இன்று உலகெங்கும் அடுக்களை அலமாரிகளில் ஒரு சிறு டப்பாவாக அமர்ந்திருக்கிறது.

இனி, செய்முறை. ஓவன் இல்லாத இல்லங்களையும் கருதி ஆறு மஃபின்களுக்கு மட்டும் அளவு தருகிறேன். டம்ளர் அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் எடையில் தருவதே நன்று.

மைதா 100 கிராம், கோகோத் தூள் 20 கிராம், பேக்கிங் பவுடர் முக்கால் தேக்கரண்டி, ஆப்பச் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் 75 கிராம் சர்க்கரையை இட்டு, நன்கு கழுவித் துடைத்த ஓர் ஆரஞ்சின் புறத்தோலை மட்டும் அதன்மேல் துருவுங்கள். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருக்கும். ஆகவே பழத்தை உரிக்குமுன்னரே, கை அழுத்தாமல் துருவ வேண்டும். சாத்துக்குடியின் தோல் இறுக்கமானது, துருவ எளிது. சர்க்கரையையும் துருவலையும் விரல்நுனியால் கசக்கினால், தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கி அடுக்களையே மணக்கும்.

அத்துடன் ஒரு முட்டை, மணமற்ற எண்ணெய் 50 மில்லி, தயிர் 50 மில்லி, ஆரஞ்சுச் சாறு 50 மில்லி சேர்த்து நன்கு அடியுங்கள். இங்கே எவ்வளவு அடித்தாலும் தீங்கில்லை. மாவு இன்னும் சேரவில்லை அல்லவா? தயிரும் சாறும் புளிப்புடையவை. அப்புளிப்பு ஆப்பச் சோடாவுடன் கூடும்போது கரியமில வாயு பிறந்து மாவை எழுப்புகிறது. சோடா மிகுந்தால் சவர்க்காரச் சுவை தட்டும். அளவை மீற வேண்டாம்.

இறுதியாகச் சலித்த மாவை ஈரப்பொருளில் கொட்டி, முன்னர் கூறியவாறு பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் புரட்டுங்கள். பொடியாக நறுக்கிய சாக்லேட் 40 கிராம் தூவி, எண்ணெய் தடவிய சிறு கிண்ணங்களில் முக்கால் பாகம் நிரப்புங்கள். ஓவன் உள்ளவர்கள் அதனை முன்னதாகவே 180 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, 18 முதல் 20 நிமிடம் வேகவிடலாம். இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றியபின் கிண்ணங்களை உள்ளே வைத்து, மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம் விடலாம். அடுப்பு சூடேறிய பின்னரே மாவைக் கலக்க வேண்டும். கலந்த மாவு காத்திருந்தால் வாயு வீணாகிவிடும். இருபது நிமிடம் கழியுமுன் மூடியைத் தொடாதீர்கள். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் வெந்தது எனக் கொள்ளலாம்.

இவற்றை அச்சிறுமி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். விடைபெற்று வெளியே வந்தபோது தந்தை வாயிற்கதவுவரை உடன் வந்தார். சற்று நேரம் மௌனமாக நின்றபின் கூறினார்: “முட்டைக்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாமி. அந்த மணம் வரும்போதெல்லாம் அவள் அடுக்களையில் நிற்பது போலவே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.”

அக்கணத்தில் எனக்குத் தெளிவாயிற்று. ஒரே மணம் மகளுக்குத் தாயை அருகே கொண்டுவருகிறது. தந்தைக்கோ அவள் இல்லாததை நினைவூட்டுகிறது. இருவரும் ஒருத்திக்காகவே அழுகின்றனர். ஆனால் ஒருவர் அழுகையை மற்றவர் அறியவில்லை. மகள், தன் முயற்சியை அப்பா வெறுக்கிறார் என எண்ணினாள். தந்தை, தன் வேதனையை மகள் உணரவில்லை என எண்ணினார். இடையில் முட்டைக் கணக்கு மட்டுமே பேசப்பட்டது.

“இதை என்னிடம் சொன்னது போலவே அவளிடமும் சொல்லுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்” என்று மட்டும் கூறினேன். உபதேசிக்க எவ்வளவோ இருந்தது. ஆனால் சற்றுமுன்தான் அடுக்களையில், அளவுக்கு மிஞ்சிக் கலக்காதே என்று அவருடைய மகளுக்கு நானே கூறிவிட்டு வந்திருந்தேன்.

பெற்றோர்களே, நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது அன்றோ? பிள்ளை தேர்வில் தோற்றால் காலையில் அறிவுரை, மாலையில் அறிவுரை, உறவினர் முன்னிலையில் மீண்டும் அறிவுரை. கணவன் மனைவியரிடையே ஒரு மனத்தாங்கல் எழுந்தால், அது தீரும்வரை பேசித் தீர்ப்பதாக எண்ணிக் கிளறிக்கொண்டே இருக்கிறோம். நோக்கம் நல்லதே, நன்றாக வர வேண்டும் என்னும் ஆவலே. ஆயினும் கிளறக் கிளற உள்ளம் இறுகுகிறது. சேர்க்க வேண்டியதைச் சேர்த்தபின் கரண்டியைக் கீழே வைப்பதும், மூடியைத் திறவாமல் காத்திருப்பதும் அன்பின் செயல்களே. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விடுவது வேறு. அது மாவைக் கலக்காமலே அடுப்பில் வைப்பதாகும். அவ்வீட்டில் குறைவாயிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

பிறந்தநாளுக்கு அடுத்த ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் அச்சிறுமி பங்கு இல்லத்துக்கு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் இரண்டு மஃபின்கள். மென்மையாகவும் மேலே சற்றே உருண்டும் இருந்தன. ஒன்றின் ஓரம் கருகியிருந்தது.

“தம்பி என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“அம்மா செய்த மாதிரி இல்லை என்று சொன்னான், ஃபாதர். சொல்லிவிட்டு மூன்று தின்றான்.”

“அப்பா?”

“ஆரஞ்சுத் தோலை அப்பாதான் துருவிக் கொடுத்தார். மணல் சட்டியைத் திறக்க விடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தின்னும்போது ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பாத்திரம் எல்லாவற்றையும் அவரே கழுவி வைத்தார்.”

அவள் சென்றபின் கருகியதை முதலில் உண்டேன். நன்றாகவே இருந்தது.